கொளஞ்சியம்மாளின் கூறு

கொளஞ்சியம்மாளுக்கு மீன் வாசனை ஆகாது. மீன்பிடிக்கிறவனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, மீன் கூடையைத் தலையில் சுமந்து, மீன் விற்ற காசில் சோறு தின்றவள் இப்படிச் சொன்னால் மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு எரிச்சல்தான் வரும். சிதம்பரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவாள். காலடியில் இருக்கிற கூடைகளில் ஒன்று அவளுடையது என்பதை வசதியாக மறந்துவிடுவாள்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். கடலூர் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வேலைக்கு வந்த இடத்தில் எங்கள் ஊர்க் கலியமூர்த்தியைப் பார்த்தாள். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பான். கல்யாணம் ஆனதும் அவள் வீட்டார் தலைமுழுகிவிட்டார்கள். எங்கள் ஊரும் ஒன்றும் ஆரத்தி எடுத்து அழைத்துக்கொள்ளவில்லை. செல்லியம்மன்குப்பம் என்று பெயர், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சவுக்குத் தோப்பு. அங்கே அவளுக்கு வைத்த பெயர் மேட்டுக்காரி, கடல் தெரியாத மேட்டு நிலத்துக்காரி என்று. வலை பின்னத் தெரியாது, நண்டு உடைக்கத் தெரியாது, எதற்கெடுத்தாலும் எங்க ஊர்ல இப்படி இல்ல என்பாள். அவளோடு பேச்சு வைத்துக்கொண்டது நான் ஒருத்திதான். அதுவும் கூடை தூக்கிவிட ஓர் ஆள் வேண்டுமே என்றுதான்.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் சிதம்பரம் சந்தையில் இருந்தோம். திரும்பி வந்தபோது ஊர் இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் கால் உடைந்து சவுக்குத் தோப்பில் கிடந்தார், பிழைத்துக்கொண்டார். கலியமூர்த்தியும் அவர்களுடைய மூன்று வயதுப் பையனும் போய்விட்டார்கள். பையனை மறுநாள்தான் பார்க்க முடிந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

மிஞ்சியவர்களைச் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். உயிர் போனதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஊர் போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் ஊருக்கு ஒரு கட்டு இருந்தது. பஞ்சாயத்து இருந்தது, தலைவராக நாட்டார் இருந்தார், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். அந்த மண்டபத்தில் அதெல்லாம் இல்லை. லாரியிலிருந்து துணியை வீசினால் ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி பிடுங்கினாள். தண்ணீர்க் குடத்துக்காகச் சொந்த மச்சான்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் ஒரு போர்வைக்காக ஒருத்தியைக் கீழே தள்ளினேன். இனி இந்த மனுஷர்களோடு சேர்ந்து வாழவே முடியாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

கொளஞ்சி எதையும் பிடுங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. தட்டில் சோறு வைத்தால் காய்ந்து போகும். இவளும் போய்விடுவாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அவளை எழுப்பியது ஸ்ரீதர். நாலு வயது. அப்பா, அம்மா, பாட்டன் எல்லாரையும் தண்ணீர் எடுத்துக்கொண்டது. பதினொரு வயது அக்கா சத்யப்பிரியா மட்டும் மிச்சம். மண்டபத்தில் சாப்பாட்டைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பெரியவர்கள் கையில்தான் கொடுத்தார்கள். பெரியவர் யாரும் இல்லாத பிள்ளைகள் வரிசைக்கு வெளியே நின்றார்கள். அந்தப் பொடியன் இதைக் கவனித்து வைத்துக்கொண்டான் போலிருக்கிறது. நேராகக் கொளஞ்சியிடம் வந்து முந்தானையைப் பிடித்து வரிசைப் பக்கம் இழுத்தான். அவள் அசையவில்லை. விடாமல் இழுத்தான். கடைசியில் அவள் தலையைத் தூக்கி, அவன் காட்டிய திசையில் பார்த்தாள். தட்டோடு இன்னும் ஐந்து பிள்ளைகள் நிற்பதும், சோறு போடுகிறவன் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வதும் அவள் கண்ணில் பட்டது.

அழுகையால் எழாதவள் கோபத்தால் எழுந்தாள். அவளுடைய கோபம் எங்கள் ஊரில் பிரசித்தம். மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி அந்த ஆளைப் பிடித்துக் கிழித்தாள். இவர்கள் யார் என்று அவன் கேட்டான்.

"எங்குடும்பம். ஏழு பேரு. போடு," என்றாள்.

பொய்தான். ஆனால் அன்றைக்கு அவளும் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். ஸ்ரீதருக்கு ஊட்டிவிட்டு, இளவரசி என்கிற ஏழு வயதுக்காரியின் மூக்கைத் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு மறுபடியும் சண்டை போட்டாள். இரண்டு நாள் கழித்து என்னிடம் சொன்னாள்: "செத்துப்போயிடலாம்னுதான் இருந்தேன் கனி. இப்ப அதுக்கு நேரமில்ல. இதுங்க காலைல எழுந்தா பசிக்குதுங்குதுங்க."

பொங்கலுக்குப் பிறகு ஊரில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். கொளஞ்சி தன் கொட்டகையில் ஆறு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டாள். கொட்டகைகள் சவுக்குத் தோப்புக்கு மேற்கே இருந்ததால் கடல் கண்ணில் படாது. அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூடத் தோப்பைத் தாண்டவில்லை. சத்யப்பிரியாதான் ரொம்ப மோசம். அலைச் சத்தம் பெரிதாகக் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவாள். பெரியவர்களும் அப்படித்தான் இருந்தோம், வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. ஆண்கள் கடலுக்குப் போகவில்லை. போனாலும் மீனை வாங்க ஆளில்லை, பிணம் தின்ற மீன் என்று சந்தையில் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நிவாரண அரிசியைத் தின்றுகொண்டு, ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

அப்போதுதான் குழந்தைகளுக்கான அதிகாரி அம்மா வந்தார். நல்ல மனுஷி, குரலை உயர்த்தாமல் பேசினார். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லாத பிள்ளைகளை அரசாங்க இல்லத்தில் சேர்க்க வேண்டும், ஆண் பிள்ளைகளுக்குக் கடலூர், பெண் பிள்ளைகளுக்குச் சிதம்பரம் என்றார். ஸ்ரீதர் ஒரு ஊர், அவன் அக்கா ஒரு ஊர். கொளஞ்சி குதித்தாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். ஊரில் ஒரு குடும்பம் பொறுப்பேற்றால் பிள்ளைகளை இங்கேயே விடலாம். ஆனால் அது இந்த ஊர்க் குடும்பம்தான் என்று நாட்டார் அவரிடம் வந்து சொல்ல வேண்டும். மாசி மாதம் திரும்ப வரும்போது பதில் வேண்டும் என்று சொல்லிப் போனார்.

சின்ன விஷயம் மாதிரி இருக்கிறது, இல்லையா? எங்கள் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. ஊரில் குடும்பம் என்றால் தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் கடலுக்குப் போகிற ஆண்பிள்ளை இருக்கிற வீடு. புருஷன் செத்த பெண் தன் அண்ணன் வீட்டிலோ மகன் வீட்டிலோ சேர்ந்துகொள்வாள், தனித் தலைக்கட்டு ஆக மாட்டாள். கொளஞ்சிக்கு அதுவும் இல்லை, அவள் மேட்டுக்காரி.

நாட்டார் ராஜவேல் கலியமூர்த்திக்குப் பெரியப்பா மகன், அதனால் கொளஞ்சிக்கு மாமா முறை. அவரும் மனைவியையும் இரண்டு தம்பிகளையும் அலைக்குப் பறிகொடுத்தவர். அவர் கொட்டகை வாசலில் போய் நின்று அவள் கேட்டபோது நானும் கூட இருந்தேன். அவர் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாத்தையும் தண்ணி எடுத்துட்டுப் போயிடுச்சும்மா. வழக்கம் ஒண்ணுதான் மிச்சம் கெடக்கு. அதையும் நானே அவுத்து வுட்டுட்டா, ஊருன்னு எத சொல்றது?"

"ஆறு புள்ளைங்கள வண்டியில ஏத்தி அனுப்பிட்டு, மிச்சம் இருக்கிறதுக்குப் பேரு ஊரா மாமா?" என்று கேட்டாள் கொளஞ்சி.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அடுத்த வாரம் அவளுடைய அண்ணன் பொன்னுரங்கம் குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு மூட்டை அரிசியோடு வந்து இறங்கினார். இத்தனை வருஷம் கழித்துத் தங்கச்சியைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பழசையெல்லாம் விடு, வீட்டுக்கு வா, மாட்டுக்கொட்டகைப் பக்கம் உனக்கென்று ஒரு ரூம் கட்டித் தருகிறேன் என்றார். ஏழு பேருக்கு ரூம் கட்டுவாயா என்று அவள் கேட்டாள். அவர் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார், அரிசி மூட்டையைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவருக்கும் மூன்று பெண்கள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரிச் சோறு மேட்டு அரிசி, நன்றாக இருந்தது என்று மறுநாள் என்னிடம் பெருமை பேசினாள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கண் வீங்கியிருந்தது.

இதற்கு நடுவில் ஊருக்கு ஒரு வேலை வந்தது. எங்கள் ஊர்ப் பொதுவலை, கரைவலை, அலையில் அடித்துப்போய்ச் சவுக்கு மரங்களில் சுற்றிக்கொண்டு கிடந்தது. கரைவலை என்றால் படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையிலிருந்து ஊரே சேர்ந்து இழுக்கிற பெரிய வலை. தோப்பிலேயே கிழிசலைப் பின்ன ஆரம்பித்தோம். கொளஞ்சிக்கு முடிச்சு வராது. அவள் போட்ட முடிச்சில் யானையே நுழையும். சத்யப்பிரியா பொறுக்க முடியாமல் அவள் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு மற்ற பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்து, கொட்டகைகளில் முடங்கிக் கிடந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். யாரோ யாரையோ கேலி செய்ய, யாரோ சிரித்தார்கள். அலைக்குப் பிறகு எங்கள் ஊரில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

மாசி மாதத்தில் ஒரு காலை வலை போடுவது என்று ராஜவேல் முடிவு செய்தார். விற்கிறதோ இல்லையோ, ஊர் மறுபடியும் கடலில் கை வைக்க வேண்டும் என்றார். இருந்த ஒரே படகு வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்தது. ஆண்கள் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்தார்கள். முன்பெல்லாம் ஒரு பக்கத்துக்கு மட்டும் நின்ற அளவு ஆட்களை இப்போது இரண்டு பக்கத்துக்கும் பிரித்தாக வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் பெண்கள் வலை பின்னலாம், மீன் விற்கலாம், ஆண்களைத் திட்டலாம். கரைவலைக் கயிற்றை மட்டும் தொடக் கூடாது. அதனால் நாங்கள் தள்ளி உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் ஆறு பேரும் தோப்பின் விளிம்பில் மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி அம்மாவின் வேனும் வந்து நின்றது.

அவர் இறங்கி வரும்போதே கயிறு நழுவ ஆரம்பித்திருந்தது. நீரோட்டம் வலையைத் தெற்கே இழுத்தது. வடக்குப் பக்கக் கயிற்றில் ராஜவேலே முன்னால் நின்றார். குதிகால் மணலில் புதைந்து கோடு போட்டுக்கொண்டே தண்ணீரை நோக்கிப் போனது. கயிறு போனால் வலை போகும். வலை போனால் எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை. எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கொளஞ்சி எழுந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

ஒருத்தன் கையை எடு என்று கத்தினான். அவள் காதில் வாங்கவில்லை. ராஜவேலுக்கு மூச்சுவிடவே முடியவில்லை, இதில் வழக்கம் பேச எங்கே நேரம்? ஆனால் அவள் பிடித்த பிடி இருக்கிறதே! கடலைப் பார்த்து நின்றுகொண்டு, கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி கை மாற்றிக் கை மாற்றி இழுத்தாள். மேட்டுக்காரிக்கு அப்படித்தானே தெரியும். ஈரக் கயிறு அவள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. விடவும் இல்லை, இழுக்கவும் முடியவில்லை.

அப்போது தோப்பிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அத்த, கையால இழுக்காத! திரும்பி நின்னு இடுப்புல வாங்கி நட!"

சத்யப்பிரியா. சொல்லிப் பார்த்தாள், கொளஞ்சிக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் கத்தினாள். கொளஞ்சி இடுப்பை எங்கோ திருப்பினாள். அதைப் பார்த்துச் சகிக்காமல் அந்தப் பெண் மரத்தை விட்டு ஓடி வந்தாள். மணலில் இறங்கி, அலை நுரை காலில் படுகிற இடம்வரை வந்து, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கயிற்றை இடுப்பில் வாங்கிச் சாய்ந்து நடந்து காட்டினாள். காலைத் தண்ணீர் தொட்டது. ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு அடுத்த அடி வைத்தாள். கொளஞ்சி அவளைப் பார்த்து அதே மாதிரி திரும்பினாள்.

அக்கா போனால் தம்பி நிற்பானா? ஸ்ரீதர் ஓடி வந்து கயிற்றின் வாலைக் கட்டிக்கொண்டான். இளவரசி வந்தாள், மற்ற மூன்றும் வந்தன. அதற்கு மேல் உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. நான் போனேன். எனக்குப் பின்னால் ஊரிலிருந்த பெண்கள் எல்லாரும் வந்தார்கள். மண்டபத்தில் நான் கீழே தள்ளினேனே, அவளும் என் பக்கத்தில் நின்று இழுத்தாள். கயிறு நின்றது. பிறகு எங்கள் பக்கம் வர ஆரம்பித்தது. யாரோ ஏலேலோ போட்டார்கள், ஊர் முழுக்கச் சேர்ந்துகொண்டது. நாங்கள் பிழைத்துக்கொள்வோம் என்று அப்போதுதான் நம்பினேன்.

வலை கரையேறியது. நெத்திலியும் மத்தியும் மணலில் வெள்ளையாகத் துள்ளின.

அதிகாரி அம்மா பக்கத்தில் வந்து, நாட்டாரே, என்ன முடிவு, பிள்ளைகளை ஏற்றலாமா என்று கேட்டார். கொளஞ்சி உரிந்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு ராஜவேலையே பார்த்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கூறு வச்சு முடிச்சிடறேன் மேடம். ஊர் வழக்கம்."

மீனைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு தலைக்கட்டின் பெயரை நாட்டார் சத்தமாகக் கூப்பிடுவார். கயிற்றைக் கரைவரை விடாமல் பிடித்தவர்களுக்குத்தான் கூறு. பெயரைக் கேட்டதும் அந்த வீட்டார் இருக்கோம் என்று சொல்ல வேண்டும். அலைக்குப் பிறகு முதல் முறையாக அன்றைக்குத்தான் கூப்பிட்டார். பழக்க தோஷம், பழைய வரிசையிலேயே கூப்பிட்டுக்கொண்டு போனார். சில பெயர்களுக்குப் பதில் வரவில்லை. ஒவ்வொரு மௌனத்துக்கும் அவர் கொஞ்சம் நின்று, அடுத்த பெயருக்குப் போனார். எல்லாரும் அழுதுகொண்டே நின்றோம்.

எல்லாப் பெயரும் முடிந்தது. அவர் குனிந்து, தன் கையாலேயே இன்னொரு கூறு வைத்தார். பெரிய கூறு.

யார் பெயரில் என்று ஒருவர் கேட்டார். ராஜவேல் நிமிர்ந்து ஸ்ரீதரைப் பார்த்தார். ஆம்பளப் பிள்ளை இருக்கான், அவன் பேர்ல வச்சுட்டா வழக்கத்துக்கும் சரியாப் போயிடும் என்று கூட்டத்தில் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். பலருக்கும் அது பிடித்திருந்தது. எனக்கே பிடித்திருந்தது, வேலை முடிந்தால் சரி என்று நினைத்தேன்.

கொளஞ்சி முன்னால் வந்தாள்.

"அவன் சின்னப் புள்ள மாமா. நாளைக்கு வளந்து எங்க போவானோ, இன்னா ஆவானோ. அவன் தலையில ஒரு குடும்பத்த வைக்காதீங்க. நழுவுன கயிற மொதல்ல புடிச்சது நானு. எம் பேர்ல வைங்க. நான் எங்கயும் போவமாட்டேன்."

வேன் டிரைவர்கூட இறங்கி வந்து நின்று பார்த்தான். அந்த ஒரு நிமிஷத்தில் ராஜவேல் முகத்தில் என்னென்னவோ ஓடியது. பிறகு அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெரிய பெயர்களைக் கூப்பிடும்போதுதான் அப்படிக் கட்டிக்கொள்வார். ஊர் எல்லைவரை கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"கொளஞ்சியம்மா தலைக்கட்டு!"

ஏழு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

"இருக்கோம்!"

ஸ்ரீதர் மட்டும் ஒரு தரம் போதாதென்று இன்னொரு தரமும் கத்தினான். ஊரே சிரித்தது, ஊரே அழுதது. கேட்டீங்களா மேடம், ஆறு பிள்ளைகளும் எங்கள் ஊர்த் தலைக்கட்டில் இருக்கிறார்கள் என்று ராஜவேல் சொன்னார். அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வேனில் ஏறினார்.

அந்த ஆறு பேரில் யாரையும் கொளஞ்சி எந்த வண்டியிலும் ஏற்றி அனுப்பவில்லை. படிக்கவும் வேலைக்கும் கல்யாணத்துக்கும் அவரவர் காலில்தான் போனார்கள், வருகிறார்கள், வந்து அவளோடு சண்டை போடுகிறார்கள். ராஜவேலுக்கு இப்போது வயதாகிவிட்டது, ஆனாலும் கூறு வைக்கும்போது அவர்தான் கூப்பிடுகிறார். எங்கள் ஊரில் பெண்கள் பெயரில் இன்றைக்குப் பல தலைக்கட்டுகள் இருக்கின்றன. என் வீட்டுக்காரர் போன பிறகு என் பெயரிலும் ஒன்று. போன மாசியில் முதல் தடவையாகச் சத்யப்பிரியா பெயரைக் கூப்பிட்டார். புருஷன் துபாயில், இவள் இடுப்பில் கைக்குழந்தை. பதில் சொல்லப் போனவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். அவளுக்கு முன்னால் கொளஞ்சி கத்திவிட்டாள். உன்னையா கூப்பிட்டாங்க என்று சத்யப்பிரியா அவளைத் திட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிப் பிடித்துத் தானே சொன்னாள்.

"இருக்கோம்."